நாலுக்கு ஒன்று: இட்லி மாவில் விகிதம்

[திரையில்: ஊறவைத்த அரிசி ஒரு பாத்திரத்தில், உளுந்து இன்னொன்றில்]

வணக்கம் பிள்ளைகளே. யாங்கோனில் நம் வீடுகளில் இட்லிக்கு ஊறப்போடும்போது அம்மா என்ன சொல்வார்? "நாலுக்கு ஒண்ணு போடு." நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. பாடப்புத்தகம் விகிதம் என்று சொல்வது இதைத்தான். அந்த 'க்கு' இருக்கிறதே, எழுதும்போது அதுதான் இரண்டு புள்ளியாகிறது.

[திரையில்: அரிசி : உளுந்து = 4 : 1]

எதை முதலில் சொன்னோமோ அதன் எண் முதலில் வரவேண்டும். 1 : 4 என்று எழுதினால் மாவு தலைகீழாகிவிடும்.

சரி, கோயிலில் விசேஷம். 8 வீசை அரிசி ஊறப்போடுகிறோம். வீசை என்பது இங்கே நாம் எடை சொல்லும் அளவு. உளுந்து எத்தனை வீசை? வீடியோவை நிறுத்தி யோசியுங்கள்.

நான் கேட்கும்போதெல்லாம் ஒரு பிள்ளையாவது "அஞ்சு" என்று சொல்லும். அது கவனக்குறைவால் வந்த விடை இல்லை. நாலுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் 3, அதனால் எட்டிலும் 3 கழித்தால் 5 என்று யோசித்துச் சொன்ன விடை. ஆனால் 8 வீசைக்கு 5 வீசை அரைத்துப் பாருங்கள்: உளுந்து மிஞ்சிப்போய் இட்லி தட்டையாகும், கையில் ஒட்டும்.

அரிசியைக் குவியலாகப் பிரிப்போம். 8 வீசை என்றால் நாலு நாலாக இரண்டு குவியல். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வீசை உளுந்து. ஆக 2.

[திரையில்: 4 : 1, 8 : 2, 12 : 3]

வித்தியாசத்தைக் கவனியுங்கள்: 3, 6, 9 என்று மாறிக்கொண்டே போகிறது. மாறாமல் நிற்பது 'நாலு மடங்கு' மட்டும். கூட்டலும் கழித்தலும் இங்கே உதவாது, பெருக்கலும் வகுத்தலும்தான்.

அப்புறம், இரண்டும் சேர்ந்து 10 வீசை வேண்டுமென்றால்? 4 + 1 = 5 பங்கு. ஒரு பங்கு 2 வீசை. அரிசி 8, உளுந்து 2.

இனி இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் விஸ் என்று எழுதும் பர்மிய எடையின் பெயர் நம்முடைய 'வீசை'யிலிருந்து போனதுதான். இங்கே ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. அரிசி 4 கிலோ, உளுந்து 1 வீசை என்று வாங்கி வந்தால் அது 4 : 1 ஆகுமா? ஆகாது. இரண்டையும் கிலோவாக்கினால் 4 : 1.63. அரிசி உளுந்தைப்போல் இரண்டரை மடங்குகூட வரவில்லை. அளவு ஒன்றானால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

அப்படியானால் அந்த ஒரு வீசை உளுந்துக்கு எத்தனை கிலோ அரிசி வேண்டும்? நோட்டை எடுங்கள்.

[திரையில், பத்து நொடி கழித்து: 1.63 × 4 = 6.52 கிலோ]