கில் மைனஸ் 9 அடிக்கும் முன் ஒரு மரண வாக்குமூலம்!

[திரையில்: லாக் ஃபைலின் கடைசி வரி, 137]

இந்த எண்ணைப் பார்த்து வயிறு கலங்காத டெவலப்பர் உண்டா? லினக்ஸில் ஒரு ப்ராசஸ், அதாவது ஓடும் புரோகிராம், சிக்னலால் செத்தால் 128-உடன் அந்த சிக்னல் எண்ணைக் கூட்டி முடிவு எண்ணாகக் காட்டுவார்கள். 128-உடன் 9-ஐக் கூட்டினால் 137. ஒன்பதாம் சிக்னலில் செத்த ப்ராசஸ் நமக்கு விட்டுப்போகும் சொத்து இவ்வளவுதான். ஏன் ஹேங் ஆனது, எதற்காகக் காத்திருந்தது? மூச்.

வணக்கம் மக்களே! பின்னணியை ஓட்டிவிடுகிறேன்: நிறுத்தச் சொன்ன சர்வீஸுக்கு, லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி கொடுக்கும், கன்டெய்னர்களை நடத்தும் குபெர்னெட்டீஸ் 30. அதற்குள் அடங்காவிட்டால் சிக்கில், அதாவது கில் மைனஸ் 9 அனுப்பும் அந்த ஒன்பதாம் சிக்னல். அதை எந்த ப்ராசஸாலும் மறுக்க முடியாது. சரி, போதும்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தீக்காயத்தோடு ஒருவர் கிடக்கிறார். மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வருகிறார். முதல் வேலையாக டாக்டரிடம், "நினைவோடு இருக்கிறாரா?" என்று கேட்பார். நமக்கு அந்த டாக்டர், ப்ராசஸின் நிலையைக் காட்டும் பிஎஸ் கட்டளை.

நிலை 'ஆர்' என்றால் ஆள் ஓடிக்கொண்டிருக்கிறார், அனேகமாக முடிவில்லாத லூப்பில். பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவியைப் போட்டால் எந்த ஃபங்ஷன் சிபியூவைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். 'எஸ்' என்றால் எதற்கோ காத்துத் தூங்குகிறார். சிபியூவையே தொடாதவரிடம் பெர்ஃப் எதை அளக்கும்? ஸ்டாக்கைத்தான், அதாவது எந்த ஃபங்ஷனுக்குள் எந்த வரியில் நிற்கிறார் என்ற பட்டியலைத்தான் எடுக்க வேண்டும். அதுதான் நம் மரண வாக்குமூலம். 'டி' என்றால் கோமா! இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள், டிஸ்க்குக்கோ நெட்வொர்க் வழியாக ஃபைல் தரும் என்எஃப்எஸ்ஸுக்கோ காத்துக் கிடக்கிறார். பல சமயம் சிக்கிலுக்கும் அசைய மாட்டார். எமனையே வெயிட்டிங் லிஸ்ட்டில் போட்ட ஆள்.

வாக்குமூலம் எழுத ஜாவாவுக்கு ஜேஸ்டாக், பைத்தானுக்குப் பை-ஸ்பை, சி-க்கு ஜிடிபி. ஆனால் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். பத்து விநாடி இடைவெளியில் மூன்று வாங்குங்கள். மூன்றிலும் அதே வரியில் நின்றால் சிக்கிக்கொண்டது என்று சந்தேகிக்கலாம். வரிகள் மாறிக்கொண்டே இருந்தால் ஒருவேளை அது ஹேங்கே இல்லை, ஆமை வேகத்தில் வேலை செய்கிறது. அப்பாவியைக் கொல்லப் பார்த்தோம்!

எங்கள் டீமில் ஒரு ஜாவா டெஸ்ட் ராத்திரியில் மட்டும் பத்து நிமிடம் தொங்கிச் சாகும். "ரீரன் அடி, போயிடும்" என்று மூன்று வாரம் ஓட்டினோம். அப்புறம், நேரம் தாண்டினால் ப்ராசஸுக்கு சிக்னல் அனுப்பும் டைம்அவுட் கட்டளையை மாற்றினேன்.

[திரையில்: டைம்அவுட் மைனஸ் எஸ் க்விட், மைனஸ் கே 10, 600]

600-வது விநாடியில் முதலில் சிக்க்விட் என்ற சிக்னல் போகும். ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் அதற்குச் சாகாது. எல்லா த்ரெட்டின் (ப்ராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழைகள்) ஸ்டாக்கையும் கொட்டிவிட்டு அப்படியே இருக்கும். பத்து விநாடி கழித்துத்தான் சிக்கில். மறுநாள் காலை லாக் ஃபைலில் ஜேவிஎம்மே எழுதி வைத்திருந்தது: 'ஃபவுண்ட் ஒன் ஜாவா-லெவல் டெட்லாக்'. ஒரு த்ரெட் கேஷ் பூட்டைப் பிடித்துக்கொண்டு கனெக்‌ஷன் பூட்டுக்குக் காத்திருந்தது, இன்னொன்று நேர் எதிர். ஒருத்தன் கையில் பூட்டு, இன்னொருத்தன் கையில் சாவி, இரண்டு பேரும் "நீ முதல்ல கொடு". பூட்டு எடுக்கும் வரிசையை மாற்றினோம், தீர்ந்தது.

கோ மொழிக்கும் இதே சிக்க்விட்தான். ஆனால் அது கோரூட்டீன்களின் (கோவின் குட்டி த்ரெட்கள்) ஸ்டாக்கைக் கொட்டியதும் தானே செத்துவிடும். பைத்தானை அப்படியே விட்டால் எதுவும் சொல்லாது. ஸ்டாக்கைக் கொட்டவைக்கும் ஃபால்ட்ஹேண்ட்லரை முன்கூட்டியே வைத்துவிடுங்கள்.

உங்கள் ப்ராசஸ் கடைசியாக உளறியது என்ன? ஸ்டாக்கைக் கமென்டில் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அழித்துவிட்டு!