மூச்சு முதலில் வரும், கால் பின்னால் வரும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐந்து மாதம் ஓடாமல் இருந்துவிட்டு, மூன்று வாரங்களாக மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறேன். மலைத்தடம் ஒன்றில் இறங்கும்போது வேரில் கால் தட்டிக் கணுக்கால் பிசகியது. வீக்கம் வடிய ஒரு மாதம், நொண்டாமல் நடக்க இன்னொரு மாதம். அதன்பிறகும் அந்தக் காலை நம்பிக் கல்லில் ஊன்ற மனசு வரவில்லை. இப்போது ஊன்றுகிறேன். ஆனால் பகல் நாளுக்கு நாள் சுருங்குகிறது. காலையில் கதவைத் திறந்தால் குளிர் முகத்தில் அடிக்கிறது. "குளிர்காலம் போகட்டும், அப்புறம் தொடங்கலாமே" என்று அக்கறையோடு சொல்கிறவர்கள் நிறைய. அல்ட்ரா ஓட்டத்துக்குத் திரும்புகிறவருக்கு இதைவிட வாய்ப்பான காலம் இல்லை என்று நான் நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ராதான். 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர், 100 மைல் என்று பல தூரங்கள் உண்டு. அதையே மண்ணும் கல்லும் சேறும் நிறைந்த மலைத்தடத்தில் ஓடுவது டிரெயில் அல்ட்ரா. ஐரோப்பாவின் ஆல்ப்ஸில் உள்ள மோன் பிளாங் மலையைச் சுற்றி நடக்கும் யூடிஎம்பி ஓட்டத்தின் தூரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர், ஏறவேண்டிய மொத்த உயரம் சுமார் 10,000 மீட்டர். அங்கே முன்னணியில் இருப்பவர்கள்கூடச் செங்குத்தான இடங்களில் நடக்கிறார்கள். ஆகவே நடை இந்த விளையாட்டின் ஒரு பகுதி. நடந்தால் கேவலம் என்று நினைக்கவே வேண்டாம்.

சரி, ஓட்டத்தை நிறுத்தினால் உடம்பில் என்ன நடக்கிறது? முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. சில நாட்களிலேயே அது குறையத் தொடங்குகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவும் சுருங்குகிறது. அதை ஈடுகட்ட இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. முன்பு பேசிக்கொண்டே ஏறிய மேட்டில் இப்போது மூச்சிரைக்கிறது. என் முதல் ஓட்டம் அப்படித்தான் இருந்தது. நாலு கிலோமீட்டர்கூட முடியவில்லை, ஒரு மரத்தில் கையை ஊன்றி நின்றுவிட்டேன். ஆண்டுக்கணக்காகச் சேர்த்தது எல்லாம் போய்விட்டதே என்று தொண்டை அடைத்தது. ஆனால் சீக்கிரம் போவது சீக்கிரமே திரும்பி வருகிறது. மூன்று வாரத்தில் அதே மேட்டில் மூச்சு அடங்கிவிட்டது.

ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. மூச்சு வந்துவிட்டால், பழைய ஆளாகிவிட்டோம் என்று மனசு நம்பிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பும் அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. எலும்பின் மேல் புதிதாகச் சுமை ஏறும்போது, உடம்பு முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்து எடுக்கிறது, அப்புறம் அந்த இடத்தைப் புது எலும்பால் நிரப்புகிறது. அரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும், நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட நாட்களில் எலும்பு முன்பைவிடச் சற்றே பலவீனமாக இருக்கும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று நாம் தூரத்தைக் கூட்டுவதும் சரியாக அந்த நாட்களில்தான். பல வருடங்களுக்கு முன்பு நான் அதைத்தான் செய்தேன். நாலாவது வாரமே 20 கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பின் உள்பக்கத்தில், ஒரு விரல்நுனி வைக்கிற அளவு இடத்தில் வலி. மற்ற இடத்தில் அழுத்தினால் ஒன்றுமில்லை, அந்த ஒரு புள்ளியைத் தொட்டால் உயிர் போகும். எலும்பில் மயிரிழை விரிசல். எட்டு வாரம் ஓட்டம் இல்லை. இப்படிப் புள்ளி வைத்தாற்போல எலும்பில் வலி வந்தால், தயவுசெய்து ஓடிப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

அந்த எட்டு வாரத்துக்குப் பிறகுதான் குளிர்காலத்தின் அருமை எனக்குப் புரிந்தது. வட அரைக்கோளத்தின் பெயர்பெற்ற ஓட்டங்கள் பல கோடையில் நடக்கின்றன. அமெரிக்காவின் 100 மைல் ஓட்டமான வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஜூன் மாதக் கடைசியில், யூடிஎம்பி ஆகஸ்ட் முடிவில். இப்போது ஆரம்பித்தால் ஏழு, எட்டு மாதம் கையில் இருக்கிறது. வழுக்கும் தடமும் இருட்டும் நம்மை வேகமாக ஓட விடுவதில்லை. எலும்பும் நாணும் கேட்கிற நிதானத்தைக் குளிர்காலம் தானாகவே கொடுத்துவிடுகிறது.

முதல் ஆறு வாரம் நான் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, நேரத்தை மட்டும் பார்க்கிறேன். வாரத்தில் நாலு நாள், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் பேச முடிகிற வேகம் போதும். ஏற்றம் வந்தால் நடை. மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலாவது வாரம் குறைத்துவிடுவேன். ஓடாத நாட்களில் படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும் வரை மெதுவாக இறக்குவது. குதிகால் நாணுக்கு இதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரியாது. பல் துலக்கும்போது பிசகிய காலில் மட்டும் நிற்கிறேன். முதல் வாரம் பத்து நொடியில் தள்ளாடினேன். இப்போது துலக்கி முடிக்கும்வரை நிற்க முடிகிறது.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏற்றம்தான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அல்ட்ராவில் காலை முடக்குவது பெரும்பாலும் இறக்கம்தான். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. இழுபட்டபடியே வேலை செய்வதால் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி உடனே தெரியாது. இரண்டாம் நாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது தெரியும். ஆனால் இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஒருமுறை இப்படி அடிபட்டு ஆறிய தசை, அடுத்தமுறை அதே வேலைக்கு அவ்வளவு சேதப்படுவதில்லை. அந்தப் பாதுகாப்பு பல வாரம் நீடிக்கும். அதனால் இறக்கத்தைத் தள்ளிப்போடாமல், சிறு மருந்தளவாக இப்போதே கொடுக்கிறேன். பத்து நாளைக்கு ஒருமுறை, ஐந்து நிமிட இறக்கம், மூன்று தடவை. அடி குறுகலாக, பார்வை நாலடி முன்னே, உடம்பைப் பின்னால் சாய்க்காமல். அவ்வளவுதான்.

இனி குளிர். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கொஞ்சம் நடுங்கவேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால், பத்து நிமிடத்தில் வியர்வையில் நனைந்துவிடுவோம். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துவிடும். நனைந்த பருத்திச் சட்டை தோலோடு ஒட்டியிருக்க மலைமுகட்டுக் காற்றில் நிற்பது அபாயம். ஓடும்போது தெரியாது, நின்றால்தான் தெரியும். ஒருமுறை காலணியின் கயிறு கட்ட முகட்டில் நாலைந்து நிமிடம் நின்றேன். எழுந்து மேல்சட்டையை மாட்டினேன், ஜிப்பை ஏற்ற முடியவில்லை. விரல்கள் ஜிப்பின் நுனியைத் தொடுகின்றன, கண்ணால் பார்க்கிறேன், ஆனால் பிடிக்க வரவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். அன்றிலிருந்து, குளிர் தெரிவதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொள்கிறேன்.

2021 மே 22 அன்று சீனாவின் கன்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்று நடந்தது. வழியில் ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் பிடித்துக்கொண்டன. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் தேர்ந்த ஓட்டவீரர்களும் இருந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேல்சட்டை அன்று கட்டாயப் பொருளாக இல்லை. குகையில் ஒதுங்கியிருந்த ஆடு மேய்ப்பவர் ஒருவர் ஆறு பேரை உள்ளே கொண்டுவந்து காப்பாற்றினார். அது மே மாதம் என்பதை மறக்க முடியவில்லை. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. பேச்சு குழறுவது, கால் இடறுவது, விரல் கட்டுப்படாமல் போவது எல்லாம் அதன் அறிகுறிகள். கூட ஓடுகிறவரிடம் இவற்றைக் கண்டால், ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி அவரைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இருட்டுக்கு ஒரு சின்ன உபாயம். தலையில் கட்டும் விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே ஒளி வீசுவதால் கல்லின் நிழல் தெரியாது, தடம் தட்டையாகத் தோன்றும். இடுப்பில் இன்னொரு விளக்கு கட்டினால் கல்லும் வேரும் நிழலோடு எழுந்து நிற்கும். குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், மாற்று மின்கலத்தை உடம்பை ஒட்டிய பையில் வையுங்கள். குளிரில் தாகமும் தெரியாது, அதனால் நேரம் பார்த்துக் குடிக்கவேண்டும். எந்த வழியில் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டே கிளம்புகிறேன்.

இடைவெளிக்குப் பிறகு திரும்புவதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் பிரிட்டனின் மலை ஓட்ட வீராங்கனை ஜாஸ்மின் பாரிஸ் ஞாபகத்துக்கு வருவார். 2019 ஜனவரியில், பிரிட்டனின் பென்னைன் வே தடத்தில் நடக்கும் 431 கிலோமீட்டர் ஸ்பைன் ஓட்டத்தை 83 மணி 12 நிமிடத்தில் முடித்தார். ஆண், பெண் எல்லோரிலும் அவர்தான் முதல். பழைய சாதனையைவிடப் 12 மணி நேரம் குறைவு. அப்போது அவர் 14 மாதக் குழந்தையின் தாய், வழியில் நிறுத்தங்களில் தாய்ப்பாலை எடுத்துவைத்தபடி ஓடினார். ஓட்டத்தின் பெரும்பகுதி இருட்டிலும் குளிரிலும்தான்.

எனக்கு நாளை காலை 50 நிமிடம். ஏற்றம் முழுக்க நடை, இறக்கம் குறுகிய அடியில். கையுறை ஹீட்டர் மேல் காய்ந்துகொண்டிருக்கிறது. பையில் காய்ந்த மேல்சட்டை ஒன்றை மடித்து வைத்தாகிவிட்டது.

நன்றி, வணக்கம்.