சுவர் யாரை நிறுத்துகிறது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பதின்வயதினரும் பெரியவர்களும் ஒரே இணைய உலகில் உலவலாமா என்பது கேள்வி. உலவத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

"வேலி போடாத பயிர் வீடு வந்து சேராது, பிள்ளைகளுக்குத் தனி உலகம் கொடுத்துச் சுவர் எழுப்புங்கள்" என்றார் எதிரணித் தோழி. அவருடைய அச்சத்தை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். எனக்கும் பதினைந்து வயதில் மகள் இருக்கிறாள். ஆனால் அந்தச் சுவரை ஒருமுறை எழுப்பிப் பார்த்தாகிவிட்டது, நடுவர் அவர்களே.

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகை அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் திறந்தது. வீடு கட்டலாம், கடை வைக்கலாம், ஊர் சுற்றலாம். 2005-இல், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கென்றே டீன் செகண்ட் லைஃப் தனியாக வந்தது. அங்கே பாடம் சொல்லித்தர விரும்பிய ஆசிரியர்களும் நூலகர்களும் பின்னணி விசாரணைக்கு உட்பட வேண்டும். நல்ல விதி, வரவேற்கிறேன். ஆனால் விசாரணையில் தேறிய பிறகும், அந்த மெய்நிகர் உலகில் தங்கள் நிறுவனத்துக்கென இருந்த தீவைத் தாண்டி அவர்கள் கால் வைக்க முடியாது. பெயரும் அடையாளமும் காட்டி வாசல் வழியே வந்தவரைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். பொய்யான பிறந்த தேதி கொடுத்து உள்ளே வருபவனுக்கு இதைவிட வசதி வேறென்ன? அவன் பேச்சைக் கேட்டதுமே சந்தேகப்படக்கூடிய பெரியவர் ஒருவரும் அருகில் இல்லை!

பிள்ளைகளுக்காவது அது நல்ல வீடாக இருந்ததா? பதினெட்டு வயது நிறைந்தால் கணக்கு பெரியவர்களின் உலகுக்கு மாற்றப்பட்டுவிடும். பதினேழு வயதுத் தோழன் அந்தப் பக்கம், இவன் இந்தப் பக்கம். நேற்று வரை சேர்ந்து கட்டிய கட்டடத்தை எட்டிப் பார்க்கவும் வழியில்லை. பிறந்தநாளுக்கு ஒரு பிள்ளைக்குக் கிடைத்த பரிசு அது.

2010 இறுதியில் அந்தத் தனி உலகத்தை நிறுவனமே மூடியது. 16, 17 வயதினர் பொது உலகுக்கு வந்தார்கள், எல்லோருக்கும் ஏற்ற பகுதிகளில் மட்டும் உலவலாம் என்ற வரம்போடு. வயது வந்தோருக்கானவை 2009-லேயே ஜிந்திரா என்ற தனிக் கண்டத்துக்குப் போய்விட்டன. பஸ் நிலையமும் கோயிலும் மதுக்கடையும் இருக்கும் நம் ஊரிலும் பிள்ளைகளை இப்படித்தானே வளர்க்கிறோம்? எங்கள் அணி கேட்பதும் இதுதான்: ஒரே ஊர், இடத்துக்கு இடம் வரம்பு, தெருவில் நாலு பெரியவர்கள்.

"தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?" என்று தோழி கேட்டார். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சென்ற மாதம் ஓர் இரவு, என் மகள் விளையாடிக்கொண்டிருந்த இணைய விளையாட்டில் புதிதாகச் சேர்ந்த ஒருவன், அவள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று கேட்டான். அவள் பள்ளியின் பெயரைப் பாதி தட்டச்சு செய்திருந்தாள். அதே அணியில் ஆடிக்கொண்டிருந்த அவளுடைய சித்தி, என் தங்கை, "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு வரி எழுதினாள். அவன் பதில் சொல்லவில்லை. ஆட்டத்தை விட்டே வெளியேறிவிட்டான். என் தங்கைக்கு வயது 34. எதிரணி கேட்கும் சுவர் எழுந்திருந்தால், அந்த இரவில் அவள் அங்கே இருந்திருக்க முடியாது.