உராய்வு குறைஞ்சா தேய்மானமும் குறையணும்ல? கடல் தண்ணியில கோட்டிங் பத்தி ஒரு கேள்வி

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒருத்தர் கேட்டிருக்காரு, ஸ்டீல் மேல குரோமியம் நைட்ரைடுன்னு ஒரு ஹார்டான கோட்டிங் போட்டு காத்துல தேய்ச்சா உராய்வு ஜாஸ்தியா இருக்கு, கடல் தண்ணிக்குள்ள தேய்ச்சா குறையுது, அப்போ தண்ணிக்குள்ள கோட்டிங் ரொம்ப நாள் உழைக்கணும்தானே, ஏன் சீக்கிரமே பேந்துக்கிட்டு வருதுன்னு. இதுல நிறைய பேர் குழம்புறாங்க, நானும் ஆரம்பத்துல குழம்பினவன்தான்.

உராய்வு குறையுறது உண்மை. தண்ணி சூட்டை இழுத்துக்குது, தேய்ஞ்ச தூளை கழுவி வெளிய தள்ளுது, கொஞ்சம் வழுக்கவும் விடுது. ஆனா உராய்வு வேற, தேய்மானம் வேறங்க, ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ணும் கூடவே குறையணும்னு எந்த கட்டாயமும் இல்ல.

இந்த கோட்டிங் எவ்ளோ தடிமன்னு நினைக்கிறீங்க? சாதாரணமா 2 லேருந்து 5 மைக்ரான், தலைமுடியில பத்துல ஒரு பங்கு கூட வராது. மைக்ராஸ்கோப்புல பாத்தீங்கன்னா குச்சி குச்சியா நெருக்கி நிறுத்தி வெச்ச மாதிரி வளந்திருக்கும், அந்த இடுக்கு வழியாவும் அங்கங்க இருக்கற ஊசி ஓட்டை வழியாவும் கடல் உப்புல இருக்கற குளோரைடு உள்ள இறங்கி அடியில இருக்கற ஸ்டீலை தொட்டுடும். இப்போ ஒரு குட்டி பேட்டரி மாதிரி ஆயிடும், மேல பெரிய பரப்புல கோட்டிங் கேத்தோடு (அரிக்காத பக்கம்), கீழ ஊசிமுனை அளவு ஸ்டீல் ஆனோடு (அரிச்சு கரையுற பக்கம்), அரிப்பு மொத்தமும் அந்த ஒரே புள்ளியில போய் குவியும். ஸ்டீல் உள்ளுக்குள்ளயே குழி விழுந்துடும், மேல இருக்கற கோட்டிங்குக்கு தாங்க ஆள் இல்ல, முட்டை ஓடு மாதிரி நொறுங்கிடும். அது எவ்ளோ ஹார்டா இருந்து என்ன பிரயோஜனம்? நொறுங்கின துண்டும் லேசுப்பட்டது இல்ல, நடுவுல மாட்டிக்கிட்டு உப்புத்தாள் வேலை பாக்கும்.

டெஸ்ட் பண்றப்போ ஓப்பன் சர்க்யூட் பொட்டன்ஷியலையும், அதாவது வெளியேருந்து கரண்ட் எதுவும் குடுக்காம தண்ணிக்குள்ள அந்த உலோகம் தானா காட்டுற வோல்டேஜையும் சேத்து ரெக்கார்ட் பண்ணுங்க. தேய்க்க ஆரம்பிச்சதும் கிராஃப் கீழ இறங்கும், அது சகஜம். நிறுத்தினதும் மெல்ல மேல ஏறி வந்தா பாதுகாப்பு படலம் திரும்ப மூடிக்கிச்சுன்னு எடுத்துக்கலாம், ஏறாம அங்கயே கிடந்தா தண்ணி அடி ஸ்டீல் வரைக்கும் போயாச்சுன்னு சந்தேகப்படுங்க.

எது எவ்ளோ தின்னுச்சுன்னு பிரிச்சு பாக்க ஏஎஸ்டிஎம் ஜி119ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் டெஸ்ட் முறை இருக்கு. கேத்தோடிக் பாதுகாப்பு குடுத்து, அதாவது வெளியேருந்து கரண்ட் குடுத்து அரிப்பை நிறுத்தி வெச்சுக்கிட்டு தேய்ச்சா வெறும் தேய்மானம் கிடைக்கும், தேய்க்காம ஊற வெச்சா வெறும் அரிப்பு, இது ரெண்டையும் மொத்த இழப்புலேருந்து கழிச்சா மிச்சம் வர்றதுதான் ரெண்டும் கூட்டு சேந்து பண்ணின சேதம், சில நேரம் அதுதான் பெருசா இருக்கும்.

அப்புறம் அவர் கேக்கல, ஆனாலும் சொல்லிடுறேன், சிலர் வெறும் சோடியம் குளோரைடை 3.5 சதவீதம் கரைச்சு வெச்சுக்கிட்டு இதுதான் கடல் தண்ணிங்கறாங்க. நிஜ கடல் தண்ணியில மக்னீசியம், கால்சியம் எல்லாம் இருக்கு, அது மக்னீசியம் ஹைட்ராக்சைடாவும் கால்சியம் கார்பனேட்டாவும் படிஞ்சு தேய்ற இடத்துல மசகு மாதிரி வேலை பாக்கும். அதனால எந்த தண்ணியில டெஸ்ட் பண்ணீங்கன்னு கீழ எழுதுங்க, அது தெரியாம உங்க உராய்வு நம்பரை வெச்சு நான் மேல எதுவும் சொல்ல முடியாது.