பவுல் யாரைப் பேசாமலிருக்கச் சொன்னார்?

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

"சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்." கொரிந்து சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதின முதல் கடிதம், 1 கொரிந்தியர் 14:34. இந்த ஒரு வசனத்தைக் காட்டி எத்தனையோ பெண்களை உட்கார வைத்துவிட்டோம். போதிக்கும் வரம் பெற்றவர்களைக்கூட, பிள்ளைகளுக்குக் கதை சொன்னால் போதும் என்று அனுப்பிவிட்டோம். அந்த வசனத்தைத் தள்ளிவிடச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. அதன் முன்னும் பின்னும் சேர்த்து வாசியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முதலில் 11ஆம் அதிகாரம். ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். அவள் பேசலாமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. தீர்க்கதரிசனம் மனதுக்குள் சொல்லிக்கொள்கிற காரியமும் இல்லை; அது சபைக்குப் பக்திவிருத்தி உண்டாக்குவதற்கு என்று அதே 14ஆம் அதிகாரம் சொல்கிறது. சரி, அங்கே பேசவிட்டவர் இங்கே ஏன் தடுக்கிறார்?

14ஆம் அதிகாரத்தின் 28ஆம் வசனத்தைப் பாருங்கள். அந்நிய பாஷையில் பேசுகிறவன், அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் பேசாமலிருக்க வேண்டும். 30ஆம் வசனம்: வேறொருவனுக்கு வெளிப்பாடு கிடைத்தால், முந்திப் பேசினவன் பேசாமலிருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பெண்கள் வருகிறார்கள். ஆக, இந்த அதிகாரத்தில் மூன்று பேருக்குக் கட்டளை. முதல் இருவரை வாழ்நாள் முழுக்க வாயடைத்தோமா? இல்லையே. அது ஆராதனையின் ஒழுங்கு என்று உடனே புரிந்துகொள்கிறோம். பெண்கள் என்றதும் மட்டும் நிரந்தரச் சட்டமாக்கிவிடுகிறோம். 35ஆம் வசனமோ, கற்றுக்கொள்ள விரும்பினால் வீட்டில் விசாரிக்கட்டும் என்கிறது. கூட்டத்தின் நடுவே கேள்வி கேட்பதை ஒழுங்குபடுத்துகிறார் என்றே நான் இதை வாசிக்கிறேன். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இந்த இரண்டு வசனங்களும் 40ஆம் வசனத்துக்குப் பின்னால் வருவதால், இவை பிற்பாடு சேர்ந்தவை என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அந்த வாதம் இல்லாமலே பவுல் சொல்வது விளங்குகிறது.

அடுத்து, பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதின கடிதம், 1 தீமோத்தேயு 2:12. உபதேசம்பண்ணப் பெண்ணுக்கு உத்தரவு கொடுக்கிறதில்லை என்கிறது. தீமோத்தேயு அப்போது இருந்தது எபேசுவில். வேற்றுமையான உபதேசங்களைத் தடுக்கவே அங்கே நிறுத்தப்பட்டதாகக் கடிதத்தின் தொடக்கமே சொல்கிறது. அதே எபேசுவில்தான் பிரிஸ்கில்லாள் தன் கணவன் ஆக்கில்லாவோடு சேர்ந்து, வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோவுக்கே தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விளக்கினாள். அதற்காக பவுல் அவளைக் கண்டிக்கவில்லை. ரோமர் 16இல் தன் உடன்வேலையாள் என்று வாழ்த்துகிறார், அதுவும் கணவன் பெயருக்கு முன்னால் அவள் பெயரை வைத்து. அந்த அதிகாரத்தின் முதல் பெயரும் ஒரு பெண்ணுடையதே: கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள். ரோமருக்கு எழுதின கடிதத்தைக் கொண்டுபோனவளே அவள்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகவே எபேசுவுக்கு எழுதினதை அந்தச் சபையின் பிரச்சினையோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

"அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்று ஏவாளுக்குச் சொல்லப்பட்ட ஆதியாகமம் 3:16ஐயும் காட்டுவீர்கள். அது பாவத்தின் விளைவைச் சொல்கிறது. அதே இடத்தில் முள்ளும் குருக்கும் வருகின்றன. முள்ளைப் பிடுங்கக் கூடாது என்று யாரும் பிரசங்கிப்பதில்லை.

இயேசு ஆண்களைத்தானே பன்னிருவராகத் தெரிந்துகொண்டார் என்று கேட்பீர்கள். ஆம். அவர்களில் ஒருவர்கூடப் புறஜாதியார் இல்லை. அதனால் யூதர் மட்டுமே போதகராகலாம் என்று எந்தச் சபையும் சட்டம் போடவில்லை. உயிர்த்தெழுந்த செய்தியை அந்தச் சீஷர்களிடமே போய்ச் சொல்லும்படி அவர் அனுப்பினது மகதலேனா மரியாளை. அவள் போனாள், கர்த்தரைக் கண்டதைச் சொன்னாள் என்று யோவான் 20:18 எழுதுகிறது.