சேடில்சோர் 1000 முடித்தாச்சு: கித்தூரில் ஒரு பில்லுக்காக நாங்கள் பட்ட பாடு

வணக்கமுங்க எல்லோருக்கும்! சேடில்சோர் 1000 பைக் ரைடுக்கு அப்ரூவல் மெயில் வந்துவிட்டது. ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் "அந்த ரைடு என்னாச்சு, அப்ரூவ் ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள் இல்லையா, ஆச்சுங்க. எனக்கும் ஆச்சு, நம்ம பெருந்துறை மாப்பிள்ளைக்கும் ஆச்சு. காலையில் மெயிலைப் பார்த்ததும் முதலில் அவனுக்குத்தான் போன் போட்டேன். தறிச் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை, வெளியே ஓடி வந்து, "இன்னொரு தடவை சொல்லு" என்றான். சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சேனலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1984-ல் ஆரம்பித்த அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஓர் அமைப்பு. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், நம்ம கணக்கில் 1,610 கிலோமீட்டர், பைக்கில் ஓட்டி, ஓட்டியதற்கு ஆதாரம் அனுப்பினால் சர்டிபிகேட் தருவார்கள். அதற்குப் பெயர்தான் சேடில்சோர் 1000. ரேஸ் கிடையாது. முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் கிடையாது.

இதைச் சொல்லும்போதே ஒரு கோபம் வருகிறது, கொட்டிவிடுகிறேன். போன வாரம் போட்ட சின்ன கிளிப்புக்குக் கீழே, "140-ல் விரட்டியிருப்பீர்கள், உயிரோடு விளையாடாதீர்கள்" என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்! 1,610-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 67 கிலோமீட்டர். டீ, டீசல் லாரிக்குப் பின்னால் பெட்ரோல் பங்கில் நின்றது, ஒன்றுக்குப் போனது எல்லாம் சேர்த்து 67. நான்குவழிச் சாலையில் 90-ல் நிதானமாகப் போனாலே போதும். இந்தச் சவாலில் நேரத்தை ஜெயிப்பதும் தோற்பதும் பங்கில்தான். ஆறு இடத்தில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம் கதை பேசினால் மூன்று மணி நேரம் போச்சு. அந்த மூன்று மணி நேரத்தைத் திருப்பி எடுக்க முறுக்குகிறான் பாருங்கள், அவன்தான் விழுகிறான்.

எங்கள் ரூட் இதுதான். கோவைப் பக்கம் நீலாம்பூரில் ஆரம்பம். அவிநாசி, பெருந்துறை, பவானி, சங்ககிரி, சேலம். அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஏறி கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு. நைஸ் ரோடு வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு தும்கூரு, ஹிரியூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹுப்பள்ளி, தார்வாடு தாண்டி கித்தூர். ராணி சென்னம்மாவின் கித்தூர். அங்கே வண்டியைத் திருப்பி அதே வழியில் நீலாம்பூர். தார்வாட்டிலேயே திரும்பினால் கணக்கு இழுபறியாக இருக்கும். ஓடோமீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதை நம்பி எல்லைக்கோட்டில் நிற்கக் கூடாது. அதனால்தான் கித்தூர்.

ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பியதற்கும் காரணம் இருக்கிறது. நைஸ் ரோட்டில் இரவு 10-லிருந்து காலை 5 வரை பைக்குக்கு அனுமதி இல்லை. போகும்போது 5-க்குப் பிறகு அங்கே இருக்க வேண்டும், வரும்போது 10-க்கு முன்னால் தாண்டியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்தது மாப்பிள்ளையின் யோசனை.

நிற்கும் இடங்களை முடிவு செய்தது அவனுடைய டாமினார் பைக். என் ஹிமாலயன் 450-க்கு 17 லிட்டர் டேங்க், அவனுக்கு 13 லிட்டர். சின்ன டேங்குக்குத்தான் பெரிய டேங்க் அடங்கிப் போக வேண்டும். கிருஷ்ணகிரி, ஹிரியூர், கித்தூர், மறுபடி ஹிரியூர், கிருஷ்ணகிரி என்று பிரித்துக்கொண்டோம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் டேங்க் ஃபுல், பில், போட்டோ, தண்ணீர், கிளம்பு.

சாப்பாடு அவன் அம்மா கட்டிக் கொடுத்த அரிசிம்பருப்புச் சாதம். நெய் விட்டு, சின்ன வெங்காயம் போட்டு! ஹிரியூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் ஆளுக்கு நாலு வாய். அதற்கு மேல் தின்றால் கண்ணைச் சொருகும். டேங்க் பேக்கில் கடலை உருண்டை. இந்தக் காபி குடித்துக் குடித்து ஓட்டும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. தூக்கத்தைத் தள்ளிப்போடும், அப்புறம் மொத்தமாக வந்து விழும்.

சித்ரதுர்காவில் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்ததும் பக்கவாட்டுக் காற்று. உடுமலை, பல்லடம் பக்கம் ஆடி மாதத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. கையை இறுக்காமல் முட்டியால் டேங்கைப் பிடித்துக்கொண்டு போனோம், வண்டி தானாக நேராகிக்கொண்டது.

சரி, இப்போது கித்தூர். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தச் சவாலில் வண்டிக்குச் சமமாக முக்கியமானது பில். முதல் பெட்ரோல் பில்லில் இருக்கும் நேரம்தான் உங்கள் ஆரம்பம், கடைசி பில்லின் நேரம்தான் முடிவு. நடுவில் திரும்பும் இடத்தில் பில் இல்லையென்றால், நீங்கள் அங்கே போனதற்கு என்ன அத்தாட்சி? ஊர் பேர், தேதி, நேரம் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து போனாலும் ஆளுக்குத் தனித்தனி பில். போனில் பணம் அனுப்பிய மெசேஜில் ஊர் பேர் எங்கே இருக்கிறது?

கித்தூரில் பெட்ரோல் போட்டோம். எந்த பங்க் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பையன் பாவம், நன்றாகத்தான் பேசினான். பில் கேட்டோம், கொடுத்தான். மாப்பிள்ளை வாங்கிப் பார்த்தான், முகம் மாறிவிட்டது. தேதி தப்பு. ஒரு நாள் இரண்டு நாள் தப்பு இல்லைங்க, வருஷமே தப்பு! மெஷினில் கடிகாரம் எப்போதோ நின்றிருக்கிறது. அடுத்த பங்குக்குப் போனோம், அங்கே பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது. கையால் எழுதித் தருகிறேன் என்றார்கள். கையெழுத்துப் பில்லை நம்பி இவ்வளவு தூரத்தைப் பணயம் வைக்க எனக்கு மனசில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை, "ஏடிஎம் சீட்டு இருக்குதே" என்றான். அட! இடம், தேதி, நேரம் மூன்றும் அதில் வரும். ஊருக்குள் வண்டியைத் திருப்பினோம். முதல் ஏடிஎம்மில் பணம் வந்தது, சீட்டு வரவில்லை. இரண்டாவதில் நூறு ரூபாய் எடுத்தான். உள்ளே கர்ரென்று ஒரு சத்தம். சீட்டு மெதுவாக நாக்கை நீட்டியது. அவன் அதை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான். கித்தூர் என்று இருக்கிறது, தேதி சரி, நேரம் சரி. அப்புறம் நான் எடுத்தேன். அந்த இரண்டு சீட்டையும் ஓடோமீட்டர் மேல் வைத்து உடனே போட்டோ. இது முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள்: அது சூடு பட்டால் கறுக்கும் காகிதம், வெயிலில் டேங்க் பேக்குக்குள் கிடந்தால் வீட்டுக்கு வரும்போது எழுத்தே இருக்காது. மொத்தத்தில் முக்கால் மணி நேரம் போனது. அந்த நூறு ரூபாய் நோட்டை மாப்பிள்ளை இன்னும் செலவு செய்யவில்லை.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். காதுக்கு நுரைப் பஞ்சு அடைப்பான். கிளம்பும்போதே வைத்துக்கொண்டோம். ஒரு ஜோடி டீ விலைகூட வராது. ஹெல்மெட்டுக்குள் நாள் முழுக்க இரையும் காற்றுதான் ஆளைப் பாதி களைப்பாக்குவது. ஆயிரக்கணக்கில் ஜாக்கெட்டுக்குச் செலவழிக்கிறவர்கள் இதை வாங்க மாட்டேன் என்கிறார்கள், எனக்குப் புரியவே இல்லை.

திரும்பும் வழியில் நைஸ் ரோட்டை ஏழு மணிக்கெல்லாம் தாண்டிவிட்டோம். ஓசூர் ரோடு நெரிசலில் கொஞ்சம் நேரம் கரைந்தது. பிறகு தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் இறங்கும்போதுதான் அங்கே ஆபத்து. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் லாரிகள், கீழே வரும்போது பிரேக் பிடிக்காது. அங்கே எங்கள் வேகத்தைப் பார்த்திருந்தால் 140 என்று எழுதியவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். இடது ஓரம், மூன்றாவது கியர், கண் முழுக்கக் கண்ணாடியில்.

சங்ககிரியில் மாப்பிள்ளை இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினான். கண் எரிகிறது என்றான். நீலாம்பூருக்கு இன்னும் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், நேரமோ ஓடுகிறது. ஆனால் அவனை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால் மணி நேரம் அலாரம் வைத்துத் தரையில் படுத்தோம். தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டு கிளம்பினோம். பவானி பாலத்தில் காவிரிக் காற்று முகத்தில் அடித்ததும் அவன் ஹாரன் அடித்தான் பாருங்கள், நம்ம ஊர் வந்தாச்சு என்று அர்த்தம்!

நீலாம்பூரில் கடைசி பில் 12:31. ஓடோமீட்டரில் 1,650-க்கு மேல்.

இப்போதே கேட்கிறீர்கள், அடுத்தது பன் பர்னர் கோல்டா என்று. 24 மணி நேரத்தில் 1,500 மைல், அதாவது 2,400 கிலோமீட்டருக்கு மேல். சராசரியே மணிக்கு நூறு. மாடு, எதிர்த்திசையில் வரும் டிராக்டர், லைட் இல்லாத டிரெய்லர் இருக்கும் நம்ம ரோட்டில் அதை நான் செய்ய மாட்டேன், யாரையும் செய்யச் சொல்லவும் மாட்டேன். அதே 1,500 மைலை 36 மணி நேரத்தில் முடிக்கும் பன் பர்னர் இருக்கிறது. அதற்கு மாப்பிள்ளை ரூட் போட ஆரம்பித்துவிட்டான். திரும்பும் ஊரில் ஏடிஎம் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்துக்கொண்டிருக்கிறான்.