பாய் தைப்பவரின் கை

[திரையில்: பழுப்பேறிய பெரிய கித்தான் துணி, எங்கும் ஓட்டைகள்]

இந்தத் துணியின் பரப்பு சுமார் 3,600 சதுர அடி. நம்ம ஊர் மனைக் கணக்கில் ஒன்றரை கிரவுண்ட். பிரிட்டிஷ் போர்க்கப்பலான விக்டரியின் முன்பாய்மரத்தில் கட்டியிருந்த பாய் இது. அந்தக் கப்பலில் இப்படிச் சிறிதும் பெரிதுமாக 37 பாய்கள் விரிக்கலாம். அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் பாய் தைப்பவர். அவருக்குத் துணையாக ஓர் உதவியாளரும் சில கையாட்களும் உண்டு.

இவ்வளவு பெரிய பாயைக் கப்பலில் வைத்துத் தைக்க இடம் ஏது? இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் தளத்தில் இதற்கென்றே நீளமான மாடிக்கூடம் இருந்தது. அங்கேதான் இதைத் தைத்தார்கள். ஆளிச்செடி நாரில் நெய்த, 2 அடி அகலக் கித்தான் துண்டுகளைப் பக்கம் பக்கமாக இணைக்க வேண்டும். ஒரு கெஜத்துக்கு நூறு தையலுக்கு மேல். எல்லாமே கைத்தையல்தான்.

[திரையில்: ஊசி, தோல் பட்டை, தேன்மெழுகு]

முக்கோண முனை ஊசி. மெழுகு பூசிய நூல். உள்ளங்கையைச் சுற்றி ஒரு தோல் பட்டை, அதில் பதித்த இரும்புத் தகடு. நம் தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் செய்யும் வேலையை அந்தத் தகடு செய்யும். கித்தானில் ஊசி இறங்க விரல் பலம் போதாது. கை முழுக்க அழுத்த வேண்டும்.

கஷ்டமான வேலை, பாயின் விளிம்பைச் சுற்றி ஓரக்கயிறு தைப்பது. கயிறு நாளாக ஆக நீளும். கித்தானை இறுக்கமாகத் தைத்துவிட்டால் காற்றின் இழுப்பு முழுவதும் துணிமேல் விழுந்து, பாய் கிழிந்துவிடும். அதனால் துணியைக் கொஞ்சம் தளர்வாக விட்டே தைப்பார்கள். எவ்வளவு தளர்வு என்பதில்தான் கைத்திறன்.

சரி, கடலில் என்ன வேலை? பெரும்பாலும் ஒட்டுப்போடுவதுதான். கயிறு உரசி நைந்த இடம், புயலில் பிளந்த தையல். இதைவிட மோசமான எதிரி ஈரம். நனைந்த பாயைச் சுருட்டி அப்படியே வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். அதனால் வெயில் வந்தால் பாய்களை அவிழ்த்து உலர்த்துவார்கள். கீழே இருக்கும் பாய் அறையிலோ எலிகளின் தொல்லை.

அப்புறம், யாரும் விரும்பாத ஒரு தையல் உண்டு. இறந்த மாலுமியை அவர் படுத்த தூளியிலேயே வைத்து, கால்மாட்டில் இரண்டு பீரங்கிக் குண்டுகளைப் போட்டுத் தைத்து மூடுவது. கடைசித் தையலை மூக்கு வழியாகப் போடுவார்கள் என்பது மாலுமிகள் வழிவழியாகச் சொல்லும் கதை. உயிர் இருந்தால் துடித்திருப்பார், அல்லவா?

[திரையில்: மீண்டும் அந்தப் பாய்]

21 அக்டோபர் 1805, பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களோடு பிரிட்டன் மோதிய டிரஃபால்கர் கடற்போர். அன்று இந்தப் பாயில் விழுந்த ஓட்டைகள் ஏறக்குறைய 90. பின்னாளில் நினைவுப்பொருளாகத் துண்டு வெட்டி எடுத்துப் போனவர்களும் உண்டு. 1960இல் போர்ட்ஸ்மத் கடற்படைக் குடியிருப்பில், பழைய உடற்பயிற்சி விரிப்புகளுக்கு அடியில் இது கிடந்தது. குண்டு துளைத்த இடங்களில் ஒட்டுப்போட ஊசி வரவேயில்லை.